கூறு கட்டிய திரைப்படமும் குறைந்துபோகும் விலையும்

தாய்மொழித் திரைப்படம் ஒன்றைக் காண்பதற்குப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர் ஒரு காலத்தில் பெருமுயற்சி செய்ய வேண்டியிருந்தது. மும்பை மாட்டுங்காவின் அரோரா திரையரங்குக்குப் புறநகர்களிலிருந்து இரண்டு மின்ரயில் மாறி வந்தவர்களும், தில்லியில் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிக்காக வாரமெல்லாம் காத்திருந்தவர்களும், வாடகைக் கடையிலிருந்து வீடியோ கேசட் எடுத்துவந்து அண்டை வீட்டாரையும் கூட்டிவைத்துப் பார்த்தவர்களும் நம் நேயர்களிடையே பலர் இருப்பர். இன்று அந்த அலைச்சல் இல்லை. இணையக் கடையில் விலையைச் செலுத்திய மறுகணம் படம் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடத் தொடங்குகிறது. அவ்வாறு தருவதும் ஒரு படம் மட்டுமன்று. நான்கு படம், ஆறு படம், பத்துப் படம் என ஒன்றாகக் கட்டி ஒரே விலைக்குத் தருகிறார்கள்.

இந்த வசதியோடு ஒரு மனக்குறையும் கூடவே வந்து சேர்ந்திருக்கிறது. ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒருவர் ஒரு தொகுப்பை வாங்குகிறார். அடுத்த வாரம் பார்த்தால் அதே தொகுப்பு அறுநூறு ரூபாய்க்கு நிற்கிறது. வாங்கியவர் இன்னும் ஒரு படத்தைக்கூடப் பார்த்து முடிக்கவில்லை. நானூறு ரூபாய் பெருந்தொகை அன்று. ஆயினும் மனம் அடங்குவதில்லை. ‘நம்மை ஏமாற்றிவிட்டார்களோ’ என்ற ஐயம் எழுகிறது. அந்த ஐயம் எவ்வளவு தூரம் நியாயமானது, வாங்குவோர் தம் நலனை எவ்வாறு காத்துக்கொள்ளலாம் என்பவற்றை இன்று நாம் சிறிது ஆராய்வோம்.

இணையவழியே படம் காண மூன்று முறைகள் உண்டு. மாதச் சந்தாவோ ஆண்டுச் சந்தாவோ கட்டி, அந்நிறுவனத்திடம் உள்ள படங்களையெல்லாம் பார்ப்பது ஒன்று. ஒரு படத்தைச் சில நாள் தவணைக்கு வாடகையாகப் பெறுவது மற்றொன்று. விலை கொடுத்து ‘வாங்கி’, நம் கணக்கில் சேர்த்துவைத்துக்கொள்வது மூன்றாவது. நம் நாட்டில் தமிழ்ப் படங்களுள் பெரும்பாலானவை சந்தா வழியாகவே வருகின்றன. ஆதலின் விலைக்கு வாங்க முற்படுபவர், தாம் ஏற்கெனவே சந்தா கட்டும் இடத்தில் அப்படம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நன்று. பார்க்காமல் இருமுறை பணம் செலுத்துவோர் பலர். எனினும் சந்தாவில் இன்றிருக்கும் படம் ஒப்பந்தம் முடிந்தால் நாளை இராது. பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் படத்தையும், முதியோர் விரும்பும் பழைய படத்தையும் நிலையாக வைத்துக்கொள்ள எண்ணுவோர் அதனாலேயே விலைக்கு வாங்குகிறார்கள்.

நிலையாக என்று சொன்னோம். அச்சொல்லைச் சற்று எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். கடைக்காரர் ‘வாங்குக’ என்று எழுதியிருந்தாலும், நாம் பெறுவது படத்தைப் பார்ப்பதற்கான உரிமம் ஒன்றே. 2009-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமேசான் நிறுவனம், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களை அவற்றை வாங்கிய வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே நீக்கிவிட்டது. அவற்றை விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் அலமாரியிலுள்ள புத்தகத்தைக் கடைக்காரர் வந்து எடுத்துச்செல்ல முடியும் என்பது அன்று உலகுக்குத் தெரிந்துவிட்டது. திரைப்படத்திலும் இது நேர்ந்திருக்கிறது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிளேஸ்டேஷன் கடையில் ஸ்டூடியோகனால் நிறுவனத்தின் படங்களை வாங்கியிருந்தவர்கள், 2022 ஆகஸ்டு 31-ஆம் நாளோடு அவற்றைப் பார்க்க இயலாதவராயினர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இத்தகைய நிகழ்ச்சிகளைக் கருதிச் சட்டம் ஒன்று இயற்றியது. தாம் தருவது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் இணையக் கடைகள் ‘வாங்குக’ என்ற சொல்லை ஆளக்கூடாது என்கிறது அச்சட்டம். 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது.

இதனை முதலிலேயே கூறுவதற்குக் காரணம் உண்டு. விலை குறைந்ததே என்று வருந்துபவர் பெரும்பாலும், எப்போதேனும் பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்கிவைத்தவரே. வீட்டில் அடுக்கிவைத்த பொருள் என்று அவர் எண்ணியிருப்பது, உண்மையில் பிறர் கிடங்கில் பிறர் பொறுப்பில் கிடக்கிறது.

இனித் தொகுப்பைப் பார்ப்போம். நம் ஊர்ச் சந்தையில் காய்கறியைக் கூறு கட்டி விற்பதை அறியாதவர் இல்லை. நல்ல தக்காளி நான்கு மேலே இருக்கும்; அடிபட்டதும் பழுத்ததும் அடியில் இருக்கும். கூறு முழுவதையும் எடுத்தால் ஒரு விலை. பொறுக்கி எடுத்தால் வேறு விலை. படத் தொகுப்பும் அத்தகையதே. திரைப்பட வணிகத்தில் இது புதிய வழக்கமுமன்று. அமெரிக்கப் படநிறுவனங்கள் ஒரு நல்ல படம் வேண்டுமானால் அதனோடு பல சாதாரணப் படங்களையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று திரையரங்குகளை நெடுங்காலம் கட்டாயப்படுத்தி வந்தன. 1948-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் அவ்வழக்கத்தைத் தடுத்தது. பின்னர்த் தொலைக்காட்சி நிலையங்களுக்குப் பழைய படங்களை விற்கும்போது அதே முறை மீண்டும் தலைகாட்டியது. 1962-இல் லோவ்ஸ் நிறுவனத்தின் மீதான வழக்கில் அதுவும் தடுக்கப்பட்டது. வாஷிங்டன் நகரத்து நிலையம் ஒன்று ‘காசாபிளாங்கா’ போன்ற புகழ்பெற்ற படங்களைப் பெறுவதற்காக ‘கொரில்லா மேன்’ போன்றவற்றையும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தது என்று அத்தீர்ப்பில் காண்கிறோம்.

விற்பவர் ஏன் இவ்வாறு செய்கிறார்? நல்ல படத்துக்கே முழு விலையும் கேட்டுவிட்டுப் போகலாமே! இவ்வினாவைப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1963-இல் எடுத்துக்கொண்டு, எளிய கணக்கு ஒன்றால் விடை கூறினார். இரண்டு திரையரங்குகள், இரண்டு படங்கள். முதல் திரையரங்கு சிறந்த படத்துக்கு 8,000 டாலரும் சாதாரணப் படத்துக்கு 2,500 டாலரும் தர ஆயத்தமாக இருக்கிறது. இரண்டாவது திரையரங்கு முறையே 7,000 டாலரும் 3,000 டாலரும் தர ஆயத்தமாக இருக்கிறது. தனித்தனியே இருவருக்கும் விற்க வேண்டுமானால் சிறந்த படத்துக்கு 7,000, சாதாரணப் படத்துக்கு 2,500 என்றே விலை வைக்க இயலும். வருவாய் 19,000 டாலர். இரண்டையும் சேர்த்துக் கட்டினாலோ ஒவ்வொருவரிடமும் 10,000 கேட்கலாம், வருவாய் 20,000. ஒருவருக்கு ஒன்றில் விருப்பம் மிகுதி. மற்றவருக்கு மற்றொன்றில் மிகுதி. அந்த வேறுபாட்டைத் தொகுப்பு சமன்செய்துவிடுகிறது. எஞ்சிய ஆயிரம் டாலர் விற்பவருக்குப் போய்ச் சேருகிறது.

இன்று வீட்டில் அமர்ந்து வாங்கும் நம்மை எவரும் கட்டாயப்படுத்துவதில்லை. படங்கள் தனியாகவும் கிடைக்கின்றன. ஆனால் கணக்கு அதே கணக்குத்தான். தொகுப்பு என்பது கடைக்காரர் அள்ளிப்போடும் கொசுறு அன்று. நம் விருப்பங்களின் ஏற்றத்தாழ்வைக் கணித்து வைத்த விலை. ஆதலின் வாங்குபவரும் தம் பங்குக்குக் கணக்குப் பார்க்கலாம். ஆறு படத் தொகுப்பின் விலை 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்துக்கு 200 ரூபாய் என்று கடைக்காரர் எழுதிக்காட்டுவார். நாம் உண்மையில் பார்க்க விரும்புவன இரண்டே என்றால், நமக்கு ஒரு படம் 600 ரூபாய் ஆகிறது. அவ்விரண்டும் தனித்தனியே 450 ரூபாய்க்குக் கிடைக்குமாயின், தொகுப்பை வாங்கியவர் 300 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, வேண்டாத நான்கு படங்களை ஏற்றுக்கொண்டவராகிறார். இவ்வளவு தெளிவான கணக்கைக்கூட, ‘எழுபது விழுக்காடு தள்ளுபடி’ என்ற பெரிய எழுத்து மறைத்துவிடுகிறது.

தொகுப்பில் வேறு சில நுணுக்கங்களும் உண்டு. அதிலுள்ள ஒரு படம் முன்பே நம்மிடம் இருக்குமானால், சில கடைகள் அதன் விலையைக் கழித்துக்கொள்ளும், சில கழிப்பதில்லை. பணம் செலுத்தும் முன்னர் இறுதித் தொகையைப் பார்த்தாலே இது விளங்கிவிடும். ‘முழுத் தொகுப்பு’ என்று பெயரிட்டு விற்றபின், அத்தொடரில் அடுத்த படம் வெளிவந்து தொகுப்பு குறைபட்டுப்போவதும் உண்டு. நம்மவர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது மொழி. ஒரே படம் தமிழ், தெலுங்கு, இந்தி என மொழிதோறும் தனித்தனிப் பதிவாக விற்கப்படுவதுண்டு. ‘பாகுபலி’ போலத் தமிழிலும் தெலுங்கிலும் ஒருங்கே எடுக்கப்பட்ட படங்களிலும், பல மொழிகளில் குரல் மாற்றி வெளியிடப்பட்ட படங்களிலும் இக்குழப்பம் எளிதில் நேரும். தில்லியிலோ நாகபுரியிலோ இருக்கும் வீட்டில் இந்திப் பதிவு வந்து சேர்ந்தால், ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்குப் படம் பயன்படாது. தமிழ் எழுத்துப் பழகாத பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலத்திலோ இந்தியிலோ அடிவரி வேண்டியிருக்கலாம். ஒலியின் மொழியும் அடிவரியின் மொழியும் படத்தின் விவரப் பகுதியில் குறிக்கப்பட்டிருக்கும். முன்னோட்டத்தைப் பார்த்து முடிவு செய்வது போதாது.

இனி விலைக்குறைப்புக்கு வருவோம். வாங்கியபின் விலை ஏன் குறைகிறது? அரிசிக்கும் பருப்புக்கும் விளைச்சலைக் காரணம் சொல்லலாம். டிஜிட்டல் படத்துக்கு விளைச்சலும் இல்லை, தட்டுப்பாடும் இல்லை. ஒரு பிரதி விற்றாலும் பத்து இலட்சம் பிரதி விற்றாலும் கிடங்கில் குறைவது ஒன்றுமில்லை. இங்கே நமக்குக் கைகொடுப்பவர் ரொனால்டு கோஸ் என்ற மற்றொரு பொருளாதார அறிஞர். 1972-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், தேய்மானம் இல்லாத பொருளை ஒருவரே விற்கும்போது என்ன நேரும் என்று அவர் ஆராய்ந்தார். முதலில் அதிக விலை கொடுக்க வல்லவர்களுக்கு விற்பார். அவர்கள் ஒருமுறை வாங்கிவிட்டால் மீண்டும் வாங்க வரமாட்டார்கள். எஞ்சியவர்கள் குறைந்த விலைக்கே வாங்கக்கூடியவர்கள். அவர்களையும் பிடிக்க வேண்டுமானால் விலையைக் குறைத்தே ஆக வேண்டும். இது வாங்குவோருக்கும் தெரியும். ஆகவே அவர்கள் காத்திருக்கத் தொடங்குவார்கள். இவ்வாறு விற்பவர், வேறு போட்டியாளர் இல்லாதபோதும், நாளைக்குத் தாமே வைக்கப்போகும் விலையோடு இன்று போட்டியிட வேண்டியவராகிறார்.

டிஜிட்டல் படத்தைவிடத் தேய்மானமற்ற பொருள் வேறு இல்லை. ஒரு குடும்பம் ஒரு படத்தை இருமுறை வாங்குவதும் இல்லை. எனவே அதன் விலை படிப்படியாக இறங்குவது சதி அன்று, அப்பொருளின் இயல்பு. விழாக்காலம், ஆண்டிறுதி, அப்படத்தின் அடுத்த பாகம் வெளியாகும் தறுவாய் ஆகிய வேளைகளில் இறக்கம் பெரிதாக இருப்பது வழக்கம். குறைந்த விலை சில நாளில் பழைய நிலைக்கே ஏறிவிடுவதும், சில வாரங்களுக்குப்பின் மீண்டும் இறங்குவதும் உண்டு.

ஆனித் திங்களில் புடைவை எடுத்தவர், ஆடித் தள்ளுபடி வந்ததும் சென்னைத் தியாகராய நகர்க் கடைக்குப் போய் விலை வேறுபாட்டைத் திருப்பிக் கேட்பதில்லை. ஆடி வரும் என்பது அவருக்கு முன்பே தெரியும். திருமணம் ஆனியில் வந்தது, ஆகவே ஆனியில் எடுத்தார். இணையக் கடையில் ஆடி எந்த மாதம் வரும் என்று பஞ்சாங்கம் சொல்வதில்லை. மனக்குறைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து. பொட்டலத்தில் அச்சிட்ட உச்ச விலையைப் பார்த்து வாங்கிப் பழகியவர்கள் நாம். டிஜிட்டல் படத்துக்குப் பொட்டலமும் இல்லை, அச்சிட்ட விலையும் இல்லை. கோடு போட்டு அடித்துக் காட்டும் ‘பழைய விலை’ கடைக்காரர் தாமே எழுதியது.

வாங்கியவர்களின் முறையீட்டுக்குப் பணிந்து பெரிய நிறுவனம் ஒன்று வேறுபாட்டில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அது படத்தில் அன்று, கைப்பேசியில். 2007 ஜூன் 29-இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோனை விற்கத் தொடங்கியது. அவற்றுள் உயர்ந்த வகையின் விலை 599 டாலர். செப்டம்பர் 5-ஆம் நாள் அதன் விலையை 399 டாலராகக் குறைத்தது. இரவெல்லாம் வரிசையில் நின்று முதலில் வாங்கிய அன்பர்களே அதிகமாகக் கொடுத்தவர்களானார்கள். கண்டனம் எழுந்தது. மறுநாளே ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படைக் கடிதம் எழுதினார். அடுத்த விலைக்குறைப்புக்காக எப்போதும் காத்திருப்பவர் எதையும் வாங்கவே மாட்டார் என்று முதலில் வாதிட்டார். ஆயினும் முன்னரே வாங்கியவர்களுக்கு 100 டாலர் மதிப்புள்ள கடைப் பற்று தருவதாக அறிவித்தார். அவர் வாதமும் சரி, ஈடு தந்ததும் சரி என்றே நாம் கொள்ளலாம். ஆனால் படம் வாங்குவோர் இதனை நம்பியிருப்பதற்கில்லை. வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் கண்டார்கள்; செய்தித்தாள்கள் அவர்களுக்காகப் பேசின. அவரவர் வீட்டிலிருந்து தனித்தனியே படம் வாங்கியவர்களின் இருநூறு ரூபாய்க்காக அத்தகைய குரல் எழுவதில்லை.

ஆகவே செய்யத்தக்கது பெரும்பாலும் வாங்குவதற்கு முன்னர்தான் இருக்கிறது. இந்தப் படத்தை எந்நாள் பார்க்கப்போகிறோம் என்ற ஒரு வினாவைக் கேட்டுக்கொண்டால் போதும். வரும் சனிக்கிழமை உறவினர் வருகிறார்கள், அன்று எல்லாரும் சேர்ந்து பார்க்கப்போகிறோம் என்றால், இன்றைய விலை அந்த மாலைப்பொழுதுக்குத் தகுமா என்று மட்டும் எண்ணி வாங்கலாம். பார்த்து மகிழ்ந்தபின் விலை பாதியானாலும் நமக்கு இழப்பில்லை. ஒருமுறை பார்த்தால் போதும் என்ற படமாயின் வாடகையே சிக்கனம். எந்நாள் என்று சொல்ல இயலவில்லையானால், அப்படத்தை விருப்பப் பட்டியலில் குறித்துவிட்டுக் காத்திருக்கலாம். படங்களின் விலையைக் கண்காணித்து, இறங்கியதும் தெரிவிக்கும் ஜஸ்ட்வாட்ச் போன்ற சேவைகள் நம் நாட்டிலும் இயங்குகின்றன. எந்தப் படம் எந்தச் சந்தாவில் இருக்கிறது என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கியபின் விலை குறைந்துவிட்டதைக் கண்டால் ஒன்று செய்து பார்க்கலாம். படத்தை ஓடவிடாமல் இருந்தால், குறுகிய தவணைக்குள் வாங்கியதை நீக்கிப் பணத்தைத் திரும்பப் பெறச் சில கடைகள் இடம் தருகின்றன. தவணை கடைக்குக் கடை மாறும். பணம் திருப்பும் விதிகளில் அதனைக் காணலாம். பணம் திரும்பி வந்தபின் குறைந்த விலைக்கு மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். ஓடவிட்டபின் பெரும்பாலும் இது நடவாது. தொகுப்பில் ஒரு படத்தை மட்டும் பத்து நிமிடம் பார்த்துவிட்டாலும் முழுத் தொகுப்புக்கும் மறுப்பு வரலாம். ஆதலின் படம் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் ஆவலைக்கூட, விதியைப் படித்தபின் வைத்துக்கொள்வது நல்லது. கேட்கும்போது பணிவாகவும் சுருக்கமாகவும், வாங்கிய நாளையும் இரண்டு விலைகளையும் குறித்துக் கேட்டால், விதியில் இல்லாத சலுகையும் சில வேளை கிடைப்பதுண்டு. அது கடைக்காரரின் தயவு. நம் உரிமை அன்று.

உரிமை எதுவரை செல்லும் என்பதையும் அறிந்துகொள்வோம். வாங்கியபின் விலை குறைந்தது என்ற ஒரே காரணத்துக்காக வேறுபாட்டைக் கொடுக்க வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் விலையைக் காட்டி மிரட்டி வாங்கவைப்பது வேறு. ‘இன்னும் பத்து நிமிடம்தான்’ என்று கடிகாரம் ஓடவிட்டு, பத்து நிமிடம் முடிந்ததும் அதே விலையில் மீண்டும் கடிகாரத்தைத் தொடங்குவதைச் சில இடங்களில் காண்கிறோம். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணைய வணிகத்தில் விலக்கத்தக்க பதின்மூன்று ஏமாற்று முறைகளைப் பட்டியலிடுகின்றன. பொய்யான அவசரத்தை உண்டாக்குவது அவற்றுள் ஒன்று. நாம் கேளாத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவது மற்றொன்று. இவையும், தருவதாக வாக்களித்த பணத்தைத் தர மறுப்பதும் முறையீட்டுக்கு உரியவை. கடிகாரம் ஓடும் திரையையும், விலை காட்டிய பக்கத்தையும், பணம் செலுத்திய சீட்டையும் அப்போதே படமெடுத்து வைத்துக்கொள்பவருக்கே முறையீடு எளிதாகும். விலை மாறியபின் பழைய பக்கத்தைத் தேடினால் கிடைக்காது.

முறையிடுவதற்கு 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. இந்தி தெரியாத முதியவரும் அங்கே தமிழில் பேசலாம். அதற்கும் மேலே செல்ல வேண்டியிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. பழைய சட்டத்தின்கீழ், விற்பவர் இருக்கும் இடத்தையோ வழக்குக்குக் காரணம் எழுந்த இடத்தையோ தேடிப்போக வேண்டியிருந்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறையிடுபவர் தாம் குடியிருக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ உள்ள ஆணையத்திலேயே முறையிடலாம் என்று வகை செய்திருக்கிறது. ஆதலின் புனேயில் வேலை பார்க்கும் தூத்துக்குடிக்காரர், கடைக்காரரின் அலுவலகம் பெங்களூரில் இருந்தாலும், புனேயிலேயே முறையிடலாம். செலுத்திய விலை ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத வரையில் இதற்குக் கட்டணமும் இல்லை.